செல்வர் ஏன் ஆட்சியை நாடுகின்றனர்? ஃப்ளாரன்ஸ் நகரம் தரும் ஒரு விடை

சென்ற மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழ்நாடு விரைவு வண்டியில் எதிர் இருக்கையில் தில்லியில் அரசுப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தம் தொகுதி வேட்பாளரின் சொத்து விவரம் நாளிதழில் வந்திருந்ததைக் காட்டி, "இவருக்கு என்ன தம்பி குறை? ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கு. இவர் வந்துதான் சம்பாதிக்கணும்னு என்ன இருக்கு?" என்றார்.

இக்கூற்றை நாம் அனைவரும் ஏதேனும் ஒரு தேர்தலில் கேட்டிருப்போம். இதனுள் ஒரு கோட்பாடு உறைந்துள்ளது. ஆட்சியை நாடுவதற்குக் காரணம் இல்லாமை. உள்ளவருக்கு அக்காரணம் இல்லை. எனவே உள்ளவர் பொதுநலத்துக்காகவே வருகிறார் என்பது அது. இதை மறுப்போர் பெரும்பாலும் பேராசையைச் சுட்டுவர்: இருப்பது போதாமல் இன்னும் சேர்க்க வருகிறார்கள் என்பர். இரு தரப்பும் ஒரு புள்ளியில் உடன்படுகின்றன. ஆட்சி என்பது ஈட்டுவதற்கான கருவி என்பதே அப்புள்ளி.

வரலாற்றில் வேறொரு காரணம் இவ்விரண்டையும்விட வலிமையாகத் தென்படுகிறது. ஏற்கெனவே இருப்பதை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே அது. இதற்குப் பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்நகரச் செல்வர்கள் தம் சொத்துக் கணக்கையும், ஆட்சியை ஏற்ற காரணத்தையும் தம் கையாலேயே எழுதிவைத்துச் சென்றுள்ளனர். அக்கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

*

ஃப்ளாரன்ஸ் அன்று மன்னன் இல்லாத குடியரசு. வணிக, தொழிற் சங்கங்களின் உறுப்பினர்களே ஆட்சிப் பதவிகளுக்கு உரியவர். கூலித் தொழிலாளர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. உச்ச ஆட்சிக்குழுவான சின்யோரியாவில் எட்டு உறுப்பினரும், அவர்களுக்குத் தலைவராக ஒரு கொன்ஃபலோனியரும் இருந்தனர். இவர்களின் பதவிக்காலம் இரண்டே மாதங்கள். தகுதியுடையோர் பெயர்கள் எழுதிய சீட்டுகள் தோற்பைகளில் இடப்பட்டு, குலுக்கி எடுக்கப்பட்டன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வழியாகக் குடவோலை முறையை அறிந்த நமக்கு இது அயலானதாகத் தோன்றாது. உத்திரமேரூரில் வரி செலுத்தும் நிலம் உடையவரே பெயர் எழுதப்படத் தகுதி பெற்றார். கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். ஃப்ளாரன்ஸிலும் வரி பாக்கி வைத்தவர் பதவி ஏற்க இயலாது. பாக்கிதாரர் பெயர்கள் பதிவான ஏட்டுக்கு அவர்கள் மொழியில் ‘கண்ணாடி’ என்று பெயர். ஒருவர் பெயர் பையிலிருந்து வந்ததும் அவர் கண்ணாடியில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். இருந்தால் சீட்டு தள்ளுபடியாகும். இவ்விதி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பதவிகள் இவ்வளவு குறுகிய காலத்துக்குரியவை, குலுக்கலில் கிடைப்பவை. அவற்றுக்காகச் செல்வர்கள் ஏன் இவ்வளவு முட்டி மோதினர்? விடை வரிவிதிப்பில் இருக்கிறது. மிலான், லூக்கா முதலிய அண்டை நாடுகளோடு போர் ஓயவில்லை. கூலிப்படைகளுக்குப் பணம் தேவைப்பட்டபோதெல்லாம் நகரம் குடிமக்களிடம் கட்டாயக் கடன் வாங்கியது. ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு தரவேண்டும் என்பதை அந்தந்த வட்டாரத்து மதிப்பீட்டாளர்களே தம் ஊகத்தால் தீர்மானித்தனர். அண்டைவீட்டார் மதிப்பீட்டாளராக வந்தால் ஒருவருக்கு நன்மை. பகைவர் வந்தால் அழிவு. இத்தகைய நகரில் செல்வம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது அதற்கு நேரக்கூடிய கேடும்.

*

இக்குறையை நீக்க 1427-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் கதாஸ்தோ. ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தம் நிலம், வீடு, வணிக முதலீடு, அரசுக் கடன்பத்திரம், கொடுக்கல் வாங்கல், குடும்ப உறுப்பினர் வயது ஆகியவற்றை எழுதித் தரவேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு வரிவிலக்கு உண்டு. குடும்பத்தில் ஆளொன்றுக்கு 200 ஃப்ளோரின் கழிக்கப்படும். எஞ்சிய சொத்தில் நூற்றுக்கு அரை ஃப்ளோரின் வரி. தஸ்கனியில் ஃப்ளாரன்ஸின் ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுவதிலும் ஏறத்தாழ 60,000 குடும்பங்களின் கணக்கு இவ்வாறு திரட்டப்பட்டது. நம் நாட்டில் 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் வேட்பாளர்கள் தரும் சொத்துப் பிரமாணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே கணக்குக் காட்டவேண்டியவர் வேட்பாளர் மட்டுமல்லர். நகரமே கணக்குக் காட்டியது.

அந்த ஏடுகளை ஆராய்ந்த டேவிட் ஹெர்லிஹியும் கிறிஸ்தியான் கிளாபிஷ் சூபேரும் கண்ட ஓர் உண்மை: நகரின் உச்சியிலிருந்த நூறு குடும்பங்களிடம் நகரச் செல்வத்தில் கால்பங்குக்கும் மேல் இருந்தது. அவர்களுள் முதலிடம் பல்லா ஸ்ட்ரோஸிக்கு. அவருடைய சொத்து ஒரு லட்சம் ஃப்ளோரினுக்கு மேல். எளிய குடும்பம் ஒன்று ஓராண்டு வாழச் சில பத்து ஃப்ளோரின் போதுமாக இருந்த காலம் அது. வங்கியாளர் ஜொவான்னி தி பிச்சி தெ மெடிச்சியின் சொத்து ஏறத்தாழ 80,000 ஃப்ளோரின்.

இவ்விரு குடும்பங்களின் பின்வரலாற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பல்லா ஸ்ட்ரோஸி கல்விமான். கிரேக்க அறிஞர் கிரிசொலோராஸை ஃப்ளாரன்ஸுக்கு வரவழைத்துக் கிரேக்கம் கற்பிக்கச் செய்தவர்களுள் ஒருவர். ஜென்தீலே தா ஃபப்ரியானோவின் புகழ்பெற்ற ‘மூன்று ஞானியர் வணக்கம்’ ஓவியத்தை 1423-இல் தம் குடும்ப வழிபாட்டிடத்துக்காக வரையச் செய்தவரும் அவரே. தூதுப் பணிகளை அவர் ஏற்றதுண்டு; ஆயினும் தமக்கென ஓர் அரசியல் அணியைக் கட்டியதில்லை.

மெடிச்சி வங்கியை 1397-இல் நிறுவிய ஜொவான்னியும் பதவிகளை வலிந்து தேடாதவர். அழைத்தால் அன்றி அரண்மனைப் பக்கம் போகவேண்டா என்று இறக்கும் தறுவாயில் மக்களுக்கு அறிவுரை கூறியதாக ஒரு மரபு உண்டு. அவர் 1429-இல் இறந்தார். அவருடைய மகன் கோசிமோ அவ்வறிவுரையைப் பின்பற்றவில்லை. மணவுறவு, கடனுதவி, பரிந்துரை ஆகியவற்றால் நகரெங்கும் தமக்குக் கடமைப்பட்டவர் கூட்டம் ஒன்றை அவர் பெருக்கினார்.

*

அவ்வாண்டிலேயே லூக்காவோடு போர் மூண்டது. கதாஸ்தோவின் வீதம் அரை விழுக்காடுதான் எனினும், போர்க்காலத்தில் அவ்வரி ஒரே ஆண்டில் பலமுறை தண்டப்பட்டது. பல்லாவின் சொத்து பெரும்பாலும் நிலமும் அரசுக் கடன்பத்திரமும். அவை ஒளிக்க இயலாதவை. விரைவில் காசாக்கவும் இயலாதவை. நகரின் முதற்செல்வர் வரி கட்டுவதற்காக நிலம் விற்கும் நிலைக்கு வந்தார். மெடிச்சிகளின் சொத்தோ வங்கியில் இருந்தது. வெனிஸ், ரோம் முதலிய நகரங்களின் கிளைகளுக்கு ஒரு கடிதத்தால் அதை மாற்றிவிடலாம்.

கோசிமோவின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய பழங்குடிச் செல்வர்களுக்கு ரினால்டோ தெலி அல்பிஸி தலைமை தாங்கினார். 1433 செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கான கொன்ஃபலோனியராக பெர்னார்தோ குவாதான்யி என்பவர் பெயர் வந்தது. அவருக்கு வரி பாக்கி இருந்தது. கண்ணாடியில் பெயர் இருந்தால் பதவி போய்விடும் என்பதால், அப்பாக்கியை ரினால்டோவே செலுத்திவிட்டார் என்று மாக்கியவெல்லி தம் ஃப்ளாரன்ஸ் வரலாற்றில் எழுதுகிறார். செப்டம்பர் 7-ஆம் நாள் கோசிமோ அரண்மனைக்கு அழைக்கப்பட்டுக் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். உயிரே போயிருக்கக்கூடும். கைதுக்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் தம் பணத்தில் பெரும்பகுதியை மடங்களின் காப்பிலும் வெளியூர்க் கிளைகளிலும் சேர்த்திருந்தார். சிறையிலிருந்தபடியே உரியவர்களுக்குக் கையூட்டும் தந்தார். தண்டனை நாடு கடத்தலாகக் குறைந்தது. தம்மைப் பிடித்தவர்கள் சிறுமதியினர், கேட்டிருந்தால் பதினாயிரமோ அதற்கு மேலோ கொடுத்திருப்பேன் என்ற பொருள்பட அவர் பின்னர் குறித்துவைத்துள்ளார்.

ஓராண்டு கழிந்தது. 1434 ஆகஸ்டு இறுதியில் குலுக்கலில் வந்த சின்யோரியா மெடிச்சி ஆதரவாளர்கள் நிறைந்தது. ரினால்டோ ஆயுதம் ஏந்தி எழுந்தார். அவர் நம்பியிருந்த பல்லா ஸ்ட்ரோஸி தயங்கினார். தம் ஆட்களைக் கொண்டு துணைநிற்கவில்லை. அக்டோபரில் கோசிமோ நகருக்குத் திரும்பினார். ரினால்டோ நாடு கடத்தப்பட்டார். பல்லாவும் பாதுவா நகருக்குப் பத்தாண்டு கடத்தப்பட்டார். பத்தாண்டு முடிந்தபின் தண்டனை நீட்டிக்கப்பட்டது, மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. கிரேக்க நூல்களோடு காலம் கழித்த அம்முதியவர் 1462-இல், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில், சொந்த ஊரை மீண்டும் காணாமலே இறந்தார்.

நகரின் மிகப் பெருஞ்செல்வர் அணி சேராமல் இருந்ததால் அனைத்தையும் இழந்தார் என்ற செய்தியை ஃப்ளாரன்ஸின் மற்ற செல்வர்கள் மறக்கவில்லை. பல்லாவின் மருமகன் ஜொவான்னி ரூச்செல்லாய் பெருவணிகர். அந்த உறவு ஒன்றினாலேயே தாம் இருபத்தேழு ஆண்டுகள் ஆட்சியாளரின் ஐயத்துக்கு ஆளாகியிருந்ததாக அவர் எழுதுகிறார். 1461-இல் தம் மகனுக்குக் கோசிமோவின் பேத்தி நன்னினாவை நிச்சயித்த பிறகே அவருக்கு நிம்மதி வந்தது.

*

இனி இதன் மறுபக்கம். அச்சத்தால் அதிகாரத்தைக் கைப்பற்றிய கோசிமோ, அவ்வச்சத்துக்குக் காரணமான அமைப்பை மாற்றினாரா? மாற்றவில்லை. அவர் கொன்ஃபலோனியர் பதவியில் இருந்தது மூன்றே முறை. மொத்தம் ஆறு மாதங்கள். ஆயினும் 1464-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் நகரம் அவர் சொல்லைக் கேட்டது. வழி எளியது. பைகளில் எவர் பெயரை இடுவது என்று தீர்மானிக்கும் அலுவலர்கள் அவருடைய ஆட்களாக இருந்தனர். குலுக்கல் நடந்தது, வரும் பெயர்கள் முன்னரே தெரிந்திருந்தன. குடியரசின் சடங்குகள் அனைத்தும் குறைவின்றி நிகழ்ந்தன.

வரிவிதிப்பும் அவ்வாறே. கதாஸ்தோ 1433-க்குப் பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு புதுப்பிக்கப்படவில்லை. இடைக்காலத்தில் மதிப்பீட்டாளரின் விருப்பத்துக்கு இடமளிக்கும் பழைய முறைகள் திரும்பி வந்தன. முன்பு மெடிச்சிகள் அஞ்சிய கருவி இப்போது அவர்கள் கையில் இருந்தது. பிறர் கத்தியால் செய்வதைக் கோசிமோ வரியால் செய்தார் என்று வரலாற்றாசிரியர் குயிச்சார்தினி பிற்காலத்தில் கருத்துரைத்தார். ஜனோஸ்ஸோ மனெட்டி இதற்குச் சான்று. எபிரேயமும் கிரேக்கமும் கற்ற பேரறிஞர், வணிகர், நகரின் சிறந்த தூதர். வரிமேல் வரி விதிக்கப்பட்டுச் செல்வம் கரைந்து, 1453-இல் அவர் நகரைவிட்டு ரோமுக்குச் சென்றார். 1459-இல் நேப்பிள்ஸில் இறந்தார். அவரை எவரும் சிறையிடவில்லை. தண்டனை என்ற சொல்லே அவர் வாழ்வில் குறுக்கிடவில்லை.

ஓர் அமைப்பு அனைவரையும் அச்சுறுத்தும்போது வலியவருக்கு இரு வழிகள் உண்டு. அனைவருக்கும் ஒரே விதியைக் கொண்டுவந்து அச்சத்தை நீக்கலாம். அல்லது அச்சுறுத்தும் இடத்தில் தாம் போய் அமர்ந்துகொள்ளலாம். 1427-ஆம் ஆண்டுச் சட்டம் முதல்வழியின் தொடக்கம். 1434-க்குப் பின் நடந்தது இரண்டாம் வழி.

*

கோசிமோவின் பெயரன் லொரென்ஸோவுக்கு வருவோம். 1469 டிசம்பரில் தந்தை பியெரோ இறந்தபோது லொரென்ஸோவுக்கு வயது இருபது. தம் குறிப்பேட்டில் அவர் எழுதியுள்ள செய்தியின் சாரம் இது: தந்தை இறந்த இரண்டாம் நாள் நகரப் பெரியோர் வீட்டுக்கு வந்து, பாட்டனும் தந்தையும் தாங்கிய பொறுப்பை ஏற்கும்படி வேண்டினர், தம் இளமைக்குப் பொருந்தாத பெருஞ்சுமை அது என்பதால் விருப்பமின்றியே ஏற்றார், நண்பர்களையும் உடைமையையும் காத்துக்கொள்வதற்காகவே ஏற்றார், ஃப்ளாரன்ஸில் ‘ஸ்தாத்தோ’ இல்லாமல் செல்வராக வாழ்வது கடினம்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அச்சொல்லிடம் சற்று நிற்க விரும்புகிறேன். ‘ஸ்தாத்தோ’ இன்றைய இத்தாலியத்தில் அரசு என்னும் பொதுநிறுவனத்தைக் குறிக்கும். பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ் வழக்கில் அது பெரும்பாலும் ஆளும் அணியையும் அவ்வணியில் ஒருவருக்குள்ள பிடியையும் குறித்தது. ஒருவருக்கு ஸ்தாத்தோ இருக்கும். இன்னொருவர் அதை இழப்பார். நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினையடியிலிருந்து வந்த சொல் அது. நம் ‘நிலை’ அதற்கு அருகில் வரும். செல்வம் என்ற சொல்லையோ நம் மரபு ‘செல்லும் இயல்புடையது’ என்று விளக்கி வந்துள்ளது. சொற்பிறப்பாக இவ்விளக்கத்தை நிறுவுவது கடினம். ஆயினும் தமிழ்ப் புலவர்கள் செல்வத்தில் கண்ட நிலையாமையும் ஃப்ளாரன்ஸ் வணிகர்கள் ஸ்தாத்தோவில் தேடிய நிலைபேறும் ஒரே அனுபவத்தின் இரு முனைகள் எனத் தோன்றுகிறது.

‘செல்வாக்கு’ என்ற சொல்லையும் பலர் செல்வத்தோடு இணைத்துப் புரிந்துகொள்கின்றனர். அது செல் என்பதும் வாக்கு என்பதும் சேர்ந்தது. எவருடைய சொல் பிறரிடம் செல்லுபடியாகிறதோ அவர் செல்வாக்குடையவர். செல்வம் மட்டும் உடையவரின் சொல் வரி மதிப்பீட்டாளரிடம் செல்லாது என்பதைப் பல்லா கண்டார். லொரென்ஸோ அக்குறிப்பில் சொல்வதும் அதுவே.

*

சரி, செல்வத்தைக் காக்க ஏற்ற அதிகாரம் செல்வத்தைக் காத்ததா? லொரென்ஸோவே கணக்குப் பார்த்திருக்கிறார். 1434 முதல் 1471 வரை கட்டடங்களுக்கும் அறப்பணிகளுக்கும் வரிகளுக்குமாகத் தம் குடும்பம் செலவிட்டது 663,755 ஃப்ளோரின் என்று குறித்து, அச்செலவுக்காக வருந்தவில்லை என்றும் சேர்த்தார். வங்கியின் நிலையோ வேறு. அரசர்களுக்குக் கடன் தருவது ஆட்சியாளனுக்கு இன்றியமையாதது, வங்கியாளனுக்கு நஞ்சு. இங்கிலாந்தின் நான்காம் எட்வர்டுக்கும் பர்கண்டியின் சார்லஸுக்கும் கொடுத்த கடன்களால் லண்டன் கிளையும் புரூஜஸ் கிளையும் நொடித்தன. மெடிச்சி வங்கியின் கணக்கேடுகளை ஆராய்ந்த ரேமண்ட் தெ ரூவெர் காட்டும் சித்திரம் தெளிவானது: குடும்பத்தின் அரசியல் உயர உயர வங்கி தாழ்ந்தது.

1478 ஏப்ரல் 26-ஆம் நாள் பேராலயத்தில் வழிபாட்டின்போது பாஸி குடும்பத்தாரும் அவர்களோடு சேர்ந்தோரும் தாக்கியதில் லொரென்ஸோவின் தம்பி ஜூலியானோ கொல்லப்பட்டார். பாஸிகளும் வங்கியாளரே, மெடிச்சி ஆட்சியில் தம் செல்வத்துக்குப் பாதுகாப்பில்லை என்று கருதியவர்கள். அச்சம் இப்போது மற்றொரு செல்வர் குடும்பத்துக்கு மாறியிருந்தது. அதன்பின் வந்த போரின் நெருக்கடியில் லொரென்ஸோ தம் பொறுப்பிலிருந்த ஒன்றுவிட்ட தம்பிகளின் பணத்தில் கைவைத்தார். நகரக் கருவூலத்திலிருந்தும் ஏறத்தாழ 75,000 ஃப்ளோரினைச் சட்ட அனுமதியின்றி எடுத்தார் என்பது பின்னர் எழுந்த குற்றச்சாட்டு.

சாதாரணக் குடும்பங்களை இது எவ்வாறு தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ளாரன்ஸில் 1425 முதல் வரதட்சணை நிதி ஒன்று இருந்தது. பெண் குழந்தையின் பெயரில் தந்தை ஒரு தொகை கட்டினால், ஆண்டுகள் கழித்து அவள் மணமாகும்போது அரசு பெருந்தொகையாகத் திருப்பித் தரும். லொரென்ஸோ காலத்தில் வாக்களித்த தொகையில் ஒரு பகுதியே ரொக்கமாகத் தரப்பட்டது; மிச்சம் தள்ளிவைக்கப்பட்டது. ஆளும் குடும்பத்தின் பாதுகாப்புக்கும் போர்ச்செலவுக்கும் விலை கொடுத்தவர்களுள் பெண்ணைப் பெற்ற நடுத்தரக் குடும்பங்களும் உண்டு. ‘ஏற்கெனவே இருக்கிறவர்’ பொதுப்பணத்தைத் தொடமாட்டார் என்ற நம்பிக்கைக்கு இது வரலாறு தரும் நேரடி மறுப்பு. அவர் தொட்டது வறுமையால் அன்று. இருந்ததைக் காக்கும் செலவு இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

லொரென்ஸோ இறந்து இரண்டாண்டில், 1494 நவம்பரில், அவர் மகன் பியெரோ நகரைவிட்டுத் துரத்தப்பட்டார். வங்கி அதோடு முடிந்தது. குடும்பத்தின் அதிகார வேட்கை மட்டும் முடியவில்லை. 1512-இல் திரும்பி வந்தனர். 1532-இல் அவர்களுள் ஒருவர் நகரின் கோமகன் ஆனார். வங்கியைக் காக்க அரசியலுக்கு வந்த குடும்பத்திடம் இறுதியில் வங்கி இல்லை, முடி இருந்தது.

*

இவ்வாதத்துக்குத் தடைகள் உண்டு. புகழ் வேட்கை இல்லையா? உண்டு. கோசிமோவுக்கு இறந்தபின் ‘தந்தையர்நாட்டின் தந்தை’ என்ற பட்டம் தரப்பட்டது. அத்தகைய பெயரை விரும்பாதவர் எவர்? பாவ அச்சம் இல்லையா? அதுவும் உண்டு. வட்டித்தொழிலின் குற்றவுணர்வே சான் மார்க்கோ மடத்தைப் புதுக்க அவரைத் தூண்டியது என்பர். லொரென்ஸோவின் ‘விருப்பமின்றி ஏற்றேன்’ என்ற கூற்றையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. தயக்கத்தைக் காட்டுவது தலைமையின் பழைய மரபு. ஆனால் தம் செயலை நியாயப்படுத்த வேண்டிய இடத்தில் கடவுளையோ பொதுநலத்தையோ முன்வைக்காமல் உடைமைப் பாதுகாப்பை அவர் முன்வைத்தார் என்பது கவனத்துக்குரியது. படிப்பவர்க்கு அக்காரணம் இயல்பாகத் தோன்றும் என்று அவர் அறிந்திருந்தார்.

வலுவான தடை வேறொன்று. ஜான் பேஜெட்டும் கிறிஸ்டோபர் ஆன்செலும் 1993-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மெடிச்சி அணியின் மணவுறவு, வணிக உறவுப் பின்னலை ஆராய்ந்தது. கோசிமோ தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு அதிகாரத்தை நாடினார் என்பதை அது ஏற்கவில்லை. பின்னல் முதலில் உருவானது, நோக்கம் பின்னர் வந்தது என்கிறது. இது என் வாதத்தைத் திருத்துகிறது, மறுக்கவில்லை. அச்சமும் பெரும்பாலும் அவ்வாறே வருகிறது. 1433-இன் சிறை அனுபவத்துக்கு முன் கோசிமோ எதை விரும்பினார் என்று விவாதிக்கலாம். அதற்குப்பின் அவருக்குப் பின்வாங்க இடமில்லை.

இதை ஃப்ளாரன்ஸுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளவேண்டியதில்லை. வங்காளத்தின் ஜகத் சேட் குடும்பம் முர்ஷிதாபாதின் பெரும் வங்கியாளர். நவாபுகளின் வருவாயும் நாணயமும் அவர்கள் கைவழியே சென்றன. அவர்கள் அரியணையில் அமர விரும்பவில்லை. அமர்பவரைத் தேர்ந்தெடுக்க விரும்பினர். சிராஜ் உத்தௌலாவால் தம் நிலைக்கு ஊறு நேரும் என அஞ்சி 1757-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சூழ்ச்சியில் இணைந்தனர். 1763-இல் நவாபு மீர் காசிமின் ஆணையால் குடும்பத் தலைவர் மஹ்தாப் ராயும் ஸ்வரூப் சந்தும் கொல்லப்பட்டனர். 1772-இல் கருவூலமே கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அச்சத்திலிருந்து தப்ப அவர்கள் வரவழைத்த ஆற்றலே அவர்களைத் தேவையற்றவர்களாக்கியது.

மாக்கியவெல்லி இதைப் பொதுவிதியாகவே வகுத்தார். உள்ளவர், இல்லாதவர் ஆகிய இருவருள் குடியரசுக்கு அதிகக் கேடு விளைப்பவர் யார் என்ற வினாவை ‘உரைகள்’ நூலின் முதற்பகுதியில் எழுப்புகிறார். கலகங்கள் பெரிதும் உள்ளவராலேயே விளைகின்றன என்பதும், மேலும் சேர்த்தாலன்றி இருப்பது நிலைக்காது என்று மனிதர் எண்ணுவதே அதற்குக் காரணம் என்பதும் அவர் விடை. 1512-இல் மெடிச்சிகள் திரும்பியபோது பதவி இழந்தவர் அவர். இதை ஏட்டிலிருந்து மட்டும் கற்றவர் அல்லர்.

*

வண்டி நாக்பூரைக் கடந்தபின் பல்லா ஸ்ட்ரோஸியின் கதையைப் பெரியவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்படின்னா இல்லாதவனைத்தான் நம்பணும்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று தடுமாறினேன், இப்போது விடை எழுத முயல்கிறேன்.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வறியவர் நேர்மையாளர், செல்வர் கள்வர் என்ற பிரிவு இங்கே உதவாது. பிரமாணப் பத்திரத்தில் நாம் வழக்கமாகத் தேடுவது தொகையை. தொகை ஒருவருடைய அச்சத்தைச் சொல்லாது. அச்சொத்து எவ்வகையானது, அரசின் எம்முடிவால் அது வளரும், எம்முடிவால் ஒரே நாளில் இல்லாமற் போகும் என்பவையே கேட்கத்தக்க வினாக்கள். கல்குவாரிக் குத்தகையும், கல்லூரி அங்கீகாரமும், மனை ஒப்புதலும், மதுபான உரிமமும் அதிகாரியின் கையெழுத்தால் உயிர்வாழும் சொத்துகள். அவற்றை உடையவருக்கு ஆட்சியில் இருப்பது விருப்பத்தேர்வாக இராது. அவர் பொதுப்பணத்தைத் தொடமாட்டார் என்பதற்கு அவருடைய செல்வம் உறுதிமொழி ஆகாது.

இரண்டாவது வினா நம்மைப் பற்றியது. 1494-இல் மெடிச்சிகளைத் துரத்திய ஃப்ளாரன்ஸ் மக்கள் இரண்டு செயல்கள் செய்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறத்தக்க பேரவை ஒன்றை அமைத்தனர். நிலச்சொத்துக்கு ஒரே அளவான வரியை 1495-இல் கொண்டுவந்தனர். பதவி பலருக்கும் உரியதாகவேண்டும், வரி எவர் விருப்பத்தையும் சாராதிருக்கவேண்டும் என்று அவர்கள் கற்றிருந்தனர். அக்குடியரசும் பதினெட்டு ஆண்டுகளில் படைவலிமையால் வீழ்த்தப்பட்டது. ஆயினும் நோயை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தனர். அதிகாரத்தில் இல்லாதவரின் உடைமைக்கும் உரிமைக்கும் பாதுகாப்பு இல்லாத இடத்தில், செல்வர் அதிகாரத்தை நாடுவதை அறிவுரையால் நிறுத்த இயலாது.

பெரியவர் சென்னையில் இறங்கும்போது, "யாருக்குப் போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை" என்றார். நானும் அப்போது முடிவு செய்திருக்கவில்லை.

நண்பர்கள் தம் துறைசார்ந்த மாற்றுச் சான்றுகளைப் பகிர்ந்தால் மகிழ்வேன். குறிப்பாக, அச்சமே இல்லாத சூழலிலும் பெருஞ்செல்வர் ஆட்சியை நாடிய எடுத்துக்காட்டுகள் இருப்பின், அவை என் வாதத்தைச் செம்மைப்படுத்தும்.